பார்க்காத படத்துக்கு இரண்டு புள்ளி

படம் பார்க்காமலே விமர்சனம் எழுதியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மடக்குகிற சிரமம் வேண்டாம். ஒன்றல்ல, ஐந்தாறு படங்கள் இருக்கும். மற்றவை எல்லாம் ஒருவருக்கும் தெரியாமல் தப்பிவிட்டன. ஒன்று மட்டும் என் பிடரியைப் பிடித்துச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய், ஒரு மேடையில் ஏற்றி, ஒலிவாங்கியையும் கையில் தந்துவிட்டது.

புள்ளி போடுவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் பிடித்த வேலை. கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவ முன்னமே சோற்றுக்கு ஒரு புள்ளி, பருப்புக்கு ஒரு புள்ளி, மாப்பிள்ளைக்கு ஒரு புள்ளி போட்டுவிடுவோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் போதகரின் பிரசங்கத்துக்கு அம்மா போடுகிற புள்ளியை அவர் கேட்டால் வேறு தொழில் பார்க்கப் போய்விடுவார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் சினிமாவுக்குப் புள்ளி போடுகிறவனாக வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மானிப்பாயில் வீடு. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற லிகிதர் வேலை. வேலைத்தலத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதே கிடையாது. (மின்விசிறியை எத்தனையில் விடுவது என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.) ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு நான் பெரிய மனிதன் ஆகிவிடுவேன். ஏனென்றால் அந்த நேரத்தில்தான் 'படம் பார்த்தோர் சபை' கூடும்.

சபை என்றால் வட்ஸ்அப்பில்தான். மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முரளி அண்ணை தொடங்கியது. முப்பது பேர்வரை இருந்தோம். அந்தக் கிழமை பார்த்த படம் எது, பத்துக்கு எத்தனை புள்ளி, ஏன் என்று மூன்று நாலு வரி. இவ்வளவுதான் ஒழுங்கு. 'பார்த்த படத்துக்கு மட்டுமே புள்ளி' என்று முதல் விதியாக முரளி அண்ணை தடித்த எழுத்தில் போட்டிருந்தார். அழவைத்த படம் எல்லாவற்றுக்கும் ஒன்பது போடுகிற ஒரு ரீச்சர் இருந்தா. சண்டைக் காட்சிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையையே புள்ளியாகப் போடுகிற ஒருவரும் இருந்தார். நான் குறைத்துப் போடுகிறவன். நான் போட்ட ஆகக்கூடிய புள்ளி ஐந்தரை.

குறைத்துப் போட்டால் அறிவாளி என்று நினைப்பார்கள் என்பதை நான் மிகச் சீக்கிரமாகக் கண்டுபிடித்துவிட்டேன். எட்டுப் போடுகிறவனிடம் ஏன் எட்டு என்று கேட்பார்கள். இரண்டு போடுகிறவனைப் பார்த்துப் பயப்படுவார்கள். "நேசன் என்ன சொல்லுறான் எண்டு பாப்பம், பிறகு நாங்கள் போடுவம்" என்று சபையில் இரண்டொருவர் காத்திருக்கவும் தொடங்கினார்கள். (நேசன் என்பது நான்தான். முழுப்பெயர் ஜெபநேசன். ஜெபமும் குறைவு, நேசமும் குறைவு என்று அம்மா சொல்லுவா.)

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். இயக்குநர் இப்போதும் என்னோடு கதைக்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

சாவகச்சேரியில் நிரோஜன் என்று ஒரு இளைஞர். கலியாணவீடு, பெண் பெரியபிள்ளையான சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவர். அதே கமெராவை வைத்து, அதே கூட்டாளிகளைச் சேர்த்து ஒரு முழுநீளப் படம் எடுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை சாவகச்சேரியில் ஒரு மண்டபத்தில் திரையிடுவதாக ஏற்பாடு. அதற்கு முதல் எங்கள் சபையாருக்கு மட்டும் இணைப்பை அனுப்பியிருந்தார். 'பிழை இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கோ, இப்பவெண்டால் வெட்டித் திருத்தலாம்' என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது. நல்ல பெடியன். அவ்வளவு நல்லவராக இருந்திருக்கக்கூடாது.

ஞாயிறு ஆராதனைக்குப் போய் வந்து, ஆட்டிறைச்சிக் கறியோடு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்தபடி படத்தைத் தொடங்கினேன். ஒரு பனைமரம் வந்தது. ஒரு சைக்கிள் வந்தது. சைக்கிள் பனைமரத்தைத் தாண்டிப் போனது. பிறகு அதே சைக்கிள் திரும்பி வந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் டேட்டா முடிந்தது. டேட்டாவுக்கு முதலே என் கண் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். விழித்துப் பார்த்தால் மணி நாலே முக்கால்.

இன்னும் கால் மணி நேரம். சபை காத்திருக்கிறது. 'நான் பார்க்கவில்லை' என்று இரண்டு சொல்லில் எழுதியிருக்கலாம். என் தரத்துக்கு அது சரிவராது என்று அந்த இருபத்தேழு வயதுக்காரன் நினைத்தான். நம்மூர்ப் படம்தானே, நம்மூர்ப் படத்தில் என்னென்ன வரும் என்று தெரியாதா என்ன? கட்டாயம் ஒரு பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பார்த்த நம்மூர்ப் படம் எல்லாவற்றிலும் ஒருவர் நின்றார். இதிலும் நிற்காமல் எங்கே போகப்போகிறார்? அந்தத் துணிவில் இப்படி எழுதினேன்:

'இரண்டு புள்ளி. ஒன்று ஒளிப்பதிவுக்கு. மற்றது, படம் முடிந்ததற்கு. வழமைபோல ஒரு பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஏன் நிற்கிறார் என்று தண்ணீருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு மரத்தை நட்டிருந்தால் காற்றுக்காவது ஆடியிருக்கும். நடிக்கத் தெரியாதவரைக் கூட்டிவந்து கரையில் நிறுத்துவதை எப்போது விடப்போகிறோம்? அவரை வெட்டி எறிந்தால் படமும் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம்.'

சிரித்த முகங்கள் பதினான்கு வந்தன. நான் எண்ணிப் பார்த்தேன். "மரத்தை நட்டிருந்தால்... அடேய், உன்னை மிஞ்சேலாது" என்று ஒருவர் குரல் பதிவே அனுப்பினார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் இரண்டு குழல் பிட்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பா மின்சார மீற்றர் வாசிக்கிறவராக முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளில் வலிகாமம் முழுக்கத் திரிந்து ஓய்வு பெற்றவர். கதை குறைவு. வீட்டுக்கு வீடு போய், சுவரைப் பார்த்து, இலக்கத்தை எழுதி, ஒன்றும் கதைக்காமல் வெளியே வந்து பழகிய மனிதர். தேவாலயத்து நத்தார் நாடகத்தில் ஒவ்வொரு வருடமும் அவர்தான் மூன்றாவது மேய்ப்பன். முதலாம் மேய்ப்பனுக்கு வசனம் உண்டு. இரண்டாம் மேய்ப்பனுக்கு ஒரு பாட்டில் பாதி உண்டு. மூன்றாம் மேய்ப்பன் வானத்தைப் பார்த்து வாயைத் திறக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே ஐப்பசி மாதத்திலிருந்து தாடி வளர்ப்பார்.

அந்த வருடத் தொடக்கத்தில் அப்பா நாலைந்து தரம் சாவகச்சேரிக்குப் போய்வந்தார். "எங்கை வெளிக்கிடுறியள்?" என்று அம்மா கேட்டால், "சாவகச்சேரிக்கு ஒரு அலுவல்" என்பார். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அம்மாவின் சீதனக் காணி ஒன்று தென்மராட்சியில் இருக்கிறது. பக்கத்துக் காணிக்காரர் வேலியை அரக்கி அரக்கி இரண்டு தென்னை மரத்தைத் தன் பக்கம் எடுத்துவிட்டார். அதுபற்றி சாவகச்சேரி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருந்தது. ஆகவே சாவகச்சேரி அலுவல் என்றால் வழக்குத்தான் என்று அம்மாவும் நானும் முடிவெடுத்துவிட்டோம்.

"சேர்ச்சுக்குப் போடுற வெள்ளைச் சேட்டை ஒருக்கால் மினுக்கித் தாரும்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். அம்மா நன்றாக மினுக்கிக் கொடுப்பா. நீதவான் முன்னால் கசங்கிப்போய் நிற்கக்கூடாது அல்லவா?

என் விமர்சனம் வெளிவந்து மூன்றாம் நாள், புதன்கிழமை, அப்பா மறுபடியும் போனார். பின்னேரம் வந்தார். சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். முகம் கழுவினார். தேத்தண்ணி கொடுத்தபடி அம்மா கேட்டா.

"என்ன மாதிரி, அலுவல்?"

"சரிவரேல்லை."

"சரிவரேல்லை எண்டால்?"

"முடிஞ்சுது. இனிப் போகத் தேவையில்லை." தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு உது ஒத்துவராதெண்டு முதலே தெரிஞ்சிருக்கவேணும்" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார்.

அம்மா அப்படியே இருந்துவிட்டா. அன்று பின்னேரம் தொடங்கிய அழுகை இரவாகியும் நிற்கவில்லை. "என்ரை அப்பு தந்த காணி... ரெண்டு தென்னையும் போச்சுது... கரையிலை நிண்ட மாவும் போச்சுது..." என்று ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்லி அழுதா. அப்பாவோ அறையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அந்தச் சுவரில் மீற்றர்கூட இல்லை.

என்னால் பொறுக்கமுடியவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, பஸ் மாறிச் சாவகச்சேரிக்குப் போய், எங்கள் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தேன். எப்படித் தோற்றோம், ஏன் தோற்றோம், மேன்முறையீடு செய்யலாமா என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஆர் தம்பி தோத்தது?"

"நாங்கள்."

"அடுத்த தவணை ஆவணியிலை. நான் இல்லாமல் நீங்கள் எப்பிடித் தோப்பியள்?"

அப்பா நாலைந்து தரம் வந்தாரே என்றேன். "ஓம், ஐயாவை நானும் கண்டனான். இஞ்சை வரேல்லை. சந்தைக்குப் பின்னாலை இருக்கிற வீடியோ ஸ்ரூடியோவுக்குள்ளை போறவர். வீட்டிலை ஏதும் விசேஷமாக்கும் எண்டு நினைச்சன்" என்றார் அவர். 'உனக்குத்தான் கலியாணமோ' என்கிற மாதிரி என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

ஸ்ரூடியோவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. உள்ளே ஒரு இளைஞர் கணினியில் சாமத்தியவீட்டு வீடியோவுக்குப் பூ மழை பொழிய வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சுவரொட்டி. நான் பன்னிரண்டு நிமிடம் பார்த்த படம். கீழே வரிசையாகச் சிறிய முகங்கள். அதில் ஐந்தாவது முகம், வெள்ளைச் சேட்டுப் போட்டு, எங்கள் வீட்டு முகம்.

"நான் மானிப்பாய் நேசன்" என்றேன்.

அந்த இளைஞர் எழும்பி நின்றார். "சபையிலை எழுதிற நேசன் அண்ணையோ? நான் நிரோஜன்." கோபம் ஒன்றும் இல்லை. கதிரை இழுத்துப் போட்டார். "நீங்கள் போட்ட ரெண்டு புள்ளியைப் பற்றி எனக்கு மனவருத்தம் இல்லை அண்ணை. அந்த ஐயாவுக்குத்தான் கொஞ்சம்..."

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். புதன்கிழமை நடித்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, சபையார் எழுதியவற்றை ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறார். நல்லதும் கெட்டதும் எல்லாருக்கும் தெரியவேண்டும் என்று நினைத்தாராம். தண்ணீரைப் பார்த்து நிற்கும் பெரியவர் பற்றிய பகுதி வந்ததும் அப்பா, "எழுதினது ஆர் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "மானிப்பாய் நேசன்" என்று இவர் சொல்ல, அப்பா அந்தப் பெயரை ஒருதரம் தானும் சொல்லிப் பார்த்தாராம். பிறகு, "அவர் கனக்கப் படம் பாக்கிறவர். அவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும். என்னை வெட்டிவிடுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கிறார்.

என்னை 'அவர்' என்று சொல்லியிருக்கிறார். என் அப்பா.

"அவர் என்ரை அப்பா" என்றேன்.

நிரோஜன் கதிரையில் மெதுவாக இருந்தார். பூ மழை மட்டும் நிற்காமல் பொழிந்துகொண்டிருந்தது. "பேந்து ஏன் அண்ணை அப்பிடி எழுதினனீங்கள்?" என்று கேட்டார். "வெட்டிப் போட்டியளோ?" என்றேன். "இன்னும் இல்லை. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை முடிக்கவேணும், சனிக்கிழமை படம் எல்லோ. எனக்கு அந்தக் காட்சியிலை கைவைக்க மனமில்லை. ஆனால் ஐயா வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். அவரைக் கேக்காமல் எப்பிடிப் போடுறது?"

பிறகு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்.

தொண்டைமானாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிறார். கதையில் அவருடைய மகன் பஸ்ஸில் வரவேண்டும். அப்பா பஸ் வரும் பக்கம் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கிறார். தூரத்தில் பஸ் சத்தம் கேட்கிறது. அவர் திரும்பவில்லை. கை மட்டும் மேலே போய்ச் சேட்டுப் பொத்தான் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறது. பஸ் நிற்கிறது, யாரோ இறங்குகிறார்கள், பஸ் போகிறது. இறங்கியது மகன் இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அதே தண்ணீரைப் பார்க்கிறார். இப்படி மூன்று பஸ்.

"உங்கடை சேர்ச் நத்தார் நாடகத்தை வீடியோ எடுக்க வந்த இடத்திலைதான் ஐயாவைக் கண்டு கூப்பிட்டனான். எப்பிடி நிக்கவேணும் எண்டு நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை அண்ணை" என்றார் நிரோஜன். "'மகன் கொழும்பிலையிருந்து லீவிலை வரேக்கை நான் சந்தியிலை நிக்கிறவன். அந்த மாதிரி நிக்கட்டோ?' எண்டு ஐயாதான் கேட்டவர்."

நான் கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். லீவில் வரும் ஒவ்வொரு முறையும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா சந்தியில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னைக் கண்டதும், "பாண் வாங்க வந்தனான்" என்பார். கையில் பாணும் இருக்காது, பேக்கரிப் பையும் இருக்காது. நான் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ஸ்ரூடியோக் கதிரையில் இருந்து நான் அழுதேன். நிரோஜன் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார். சாமத்தியவீட்டுப் பெண் பூ மழையில் நனைந்துகொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கிணற்றடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் ஒரு பேச்சைத் தயார்செய்து வந்திருந்தேன்.

"அப்பா, நான் நிரோஜனைக் கண்டனான்."

துணி ஒருகணம் நின்றது. பிறகு பழையபடி துடைத்தார். "ம்."

"நான் பிழையா எழுதிப்போட்டன். உங்கடை காட்சியைப் பாத்தனான். அது நல்லம். எட்டுப் புள்ளி. ஒன்பது எண்டாலும் போடலாம்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மிகவும் தன்மையாகக் கதைத்தார்.

"நான் உன்ரை அப்பா எண்டு தெரிஞ்சாப்போலை ரெண்டு எட்டாகுமோ? ஆளைத் தெரியாமல் போட்டதுதான் சரியான றீடிங். அதை மாத்தக்கூடாது. எனக்கு நடிப்பு வராது தம்பி. அதிலை ஒரு வெக்கமும் இல்லை."

நான் இனி என்ன புகழ்ந்தாலும் அது மகன் சொல்வது. அவர் நம்புவது, அவரை யாரென்று தெரியாமல் நான் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும்தான். அதை உடைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"அப்பா, நான் படத்தைப் பாக்கேல்லை."

"இப்பத்தானே பாத்தனெண்டாய்?"

"எழுதேக்கை பாக்கேல்லை. பன்னிரண்டு நிமிசம் பாத்தன். பிறகு நித்திரையாப் போனன்."

"அப்ப நான் அதிலை நிக்கிறன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. எல்லாப் படத்திலையும் ஒரு பெரியவர் தண்ணியைப் பாத்துக்கொண்டு நிப்பார். இதிலையும் நிப்பார் எண்டு நினைச்சு எழுதினன்."

அப்பா துணியை வாளிக்குள் போட்டார். என் வாழ்க்கையில் அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"பாக்காமல் எழுதினனியோ? பாக்காமலோ?" சாரத்தைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். பழைய தழும்பு ஒன்று. "உது சண்டிலிப்பாயிலை ஒரு நாய். உது," மற்றக் காலில் இன்னொன்று, "கட்டுடையிலை. வாசல் படலையிலை நிண்டு, போன மாதக் கணக்கிலை கொஞ்சம் கூட்டி எழுதிப்போட்டுப் போயிருக்கலாம். கனபேர் அப்பிடிச் செய்தவங்கள். நான் ஒருநாளும் செய்யேல்லை. கடிச்ச நாயின்ரை வீட்டுக்கும் அடுத்த மாதம் உள்ளுக்குப் போய், கண்ணாலை பாத்துத்தான் எழுதினனான். என்ரை பிள்ளை படலையிலை நிண்டு எழுதியிருக்கிறான்!"

இந்தச் சத்தத்தில் அம்மா குசினியால் ஓடிவந்தா. நடந்ததை நான் திக்கித் திணறிச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப காணி?" என்றா.

"காணிக்கு என்ன? காணி அங்கதான் இருக்கு" என்றார் அப்பா.

"பின்னை ஏன் நான் நேற்றிலையிருந்து அழுறன்?"

"அதைத்தான் நானும் யோசிச்சனான்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கோபப்படும் முறை அம்மாவினுடையது. அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா தீர்ப்பு வழங்கினார். அவர் நிரோஜனோடு கதைத்து வெட்டவேண்டாம் என்று சொல்லுவார். ஆனால் நான் செய்ததைச் செய்ததாக எல்லாருக்கும் முன்னால் சொல்லவேண்டும். சபையிலும் சொல்லவேண்டும், மண்டபத்திலும் சொல்லவேண்டும்.

சபையில் எழுதினேன். இந்த முறை சிரித்த முகம் ஒன்றும் வரவில்லை. முதல் விதியை மீறியதற்காக மூன்று மாதம் புள்ளி போடத் தடை என்று முரளி அண்ணை அறிவித்தார். ஒன்பது போடுகிற ரீச்சர் மட்டும் எனக்குத் தனியாக ஒரு கும்பிட்ட கை அனுப்பினா.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த நிகழ்வும் உடனே தொடங்கிவிடாது. விளக்கேற்றல், அகவணக்கம், ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் ஏற்பாட்டில் கடைசியாக 'நயப்புரை: மானிப்பாய் நேசன்' என்று சேர்த்திருந்தார்கள். முன்வரிசையில் நடிகர்களோடு அப்பா, வெள்ளைச் சேட்டில். பக்கத்தில் அம்மா.

மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தேன். "பேரன்புமிக்க சபையோரே" என்று தொடங்கினேன். அதற்குமேல் இலக்கியத் தமிழ் வரவில்லை. படம் பார்க்காமல் இரண்டு புள்ளி போட்டேன், நித்திரை கொண்டேன், கற்பனையில் ஒரு பெரியவரைத் திட்டினேன், அந்தப் பெரியவர் என் அப்பாவாக இருந்தார் என்று சொல்லி முடித்தேன். பிறகு பின்பக்கத்திலிருந்து ஒரு குரல்: "பறவாயில்லை தம்பி, இப்பவாவது முழிச்சிருந்து பார்!" மண்டபம் வெடித்தது. ஆசியுரை வழங்கிய பெரியவர் சிரித்து இருமி, அவருக்குச் சோடா கொடுக்கவேண்டி வந்தது. கீழே இறங்கி வந்து அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் விழுந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, ஆனால் கைக்குட்டையை என் பக்கம் நீட்டினார்.

படம் தொடங்கியது. (சைக்கிள் திரும்பி வந்தது சும்மா இல்லையாம். அதில்தான் கதையே இருந்தது.) பாலத்துக் காட்சி வந்தபோது அவ்வளவு நேரமும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த மண்டபம் அடங்கிப்போனது. மூன்றாவது பஸ் போய், அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டபோது பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா, "இஞ்சை பாருங்கோ, உது நான் மினுக்கின சேட்டெல்லோ!" என்று சத்தமாகச் சொன்னா. ஒருவரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருங்கி இருந்தோம். அம்மாவுக்கு அப்போதும் பெருமை அடங்கவில்லை. "எப்பிடி இருந்தது, உங்களை நீங்களே பாக்க?" என்று அப்பாவைக் கேட்டா.

"நான் பாக்கேல்லை" என்றார் அப்பா.

"என்ன?"

"வெக்கமா இருந்தது. அந்த நேரம் நான் உவன்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைதடி தாண்டும்வரை திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அப்பா மூன்று படத்தில் நடித்துவிட்டார். ஒன்றில் வசனம்கூட உண்டு. மூன்றிலும் தன்னைத் தான் பார்த்ததில்லை. தன் காட்சி வந்ததும் பக்கவாட்டில் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார், படம் முடிந்ததும் நான் பார்த்ததற்குப் புள்ளி போடுவார். இப்போது எங்களோடு படத்துக்கு வருகிற என் மனைவி, வெளியே வந்ததும் வராததுமாக, "மாமா, இந்த முறை இவருக்கு எத்தினை?" என்று கேட்பாள். கடைசிப் படத்துக்கு எனக்குக் கிடைத்தது ஆறரை. நடுவில் ஒருதரம் கண்ணைத் துடைத்தேனாம். அந்த நேரம் நான் படத்தைப் பார்க்கவில்லை என்று கழித்துவிட்டார்.